ஒரே அறைக்கு மூன்று கதவுகள்

"அப்பா வீடியோ எல்லாம் மூணு இடத்துல இருக்குன்னு நீதானே அண்ணா சொன்ன—"

"மூணு இடத்துல தெரியும்னு சொன்னேன். இருக்குன்னு எங்க சொன்னேன்—"

"தெரியறதுக்கும் இருக்கறதுக்கும் என்ன பெரிய—"

"என்னைப் பேசி முடிக்க விடுறியா?"

"நாலு மாசமா நீதான் பேசி முடிச்சிட்டே இருக்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

தங்கை நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவள், காலையிலிருந்து உட்காரவேயில்லை. அவன் கம்ப்யூட்டர் மேஜையின் முன்னால் உட்கார்ந்து, நாற்காலியைப் பாதி திருப்பி, பாதி முகத்தை மட்டும் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். மதியம் இரண்டரை மணிதான். ஆனால் மழை வரப்போகிற வானம் ஜன்னல் வரை இறங்கி வந்து நின்றதில், ஹாலில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

"இங்க பாரு," என்றான், பொறுமையை வரவழைத்துக்கொண்டு. "அதோ அந்த அலமாரில இருக்கற பெட்டி, அதுதான் டிரைவ். அதை ஒரு அறைன்னு வெச்சுக்கோ. உன் ஃபோல்டர்லேர்ந்து அதுக்கு ஒரு கதவு வெச்சேன். என் ஃபோல்டர்லேர்ந்து ஒண்ணு. அப்பா பேர்ல ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, அதுலேர்ந்து ஒண்ணு. இந்தக் கம்ப்யூட்டர் ஓடறது லினக்ஸ்ல, அதுல அப்படி மாட்டி விடலாம். யார் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ள அதே அறைதான். மூணு கதவு. அறை மூணு இல்ல."

"சரி. ஒரு கதவை எடுத்தா அறை எப்படிக் காலியாகும்?"

அவன் கீபோர்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"கதவைக் கழட்டாமலே அப்பா ஃபோல்டரை அழிச்சிட்டேன். அழிக்கற வேலை கதவு வழியா உள்ள போய், அறையில இருந்த எல்லாத்தையும் துடைச்சிடுச்சு. முதல்ல கதவைக் கழட்டணும். மறந்துட்டேன்."

"நீ மறந்துட்ட."

"மறந்துட்டேன்."

"வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு இதைத்தானே முதல் பாடமா சொல்லுவ? ‘கதவைக் கழட்டாம சுவரை இடிக்காதீங்கடா’ன்னு. அப்பா கட்டில் பக்கத்துல உட்கார்ந்து நீ சொல்லிச் சிரிச்சதை நானே கேமராவுல கேட்டிருக்கேன். அப்பாவும் கோண வாயோட சிரிச்சார்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டி, பல்வலி மாதிரி எப்போதும் கூடவே இருக்கிற ஒன்றாகிவிட்டிருந்தது அது.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஒன்றேகால் வருஷம் படுக்கையில் கிடந்தார். வீட்டில் அவரும் அவனும்தான். அவன் தனிக்கட்டை, வீட்டிலிருந்தே ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறவன். இந்த ஹாலுக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அவன் மேஜை, அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா, அதிலேயே சின்ன ஸ்பீக்கர். அது பதிவு செய்வதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேரும். தொலைவில் வேறு ஊரில் இருக்கும் தங்கை தினமும் சாயங்காலம் தன் கதவைத் திறந்து அப்பாவைப் பார்ப்பாள், ஸ்பீக்கர் வழியாகப் பேசுவாள். நாக்குத் தடித்துப்போன அப்பா கேமராவைப் பார்த்து, "சின்னவளே, சாப்பிட்டியா?" என்று மூன்று தடவை மூச்சு வாங்கிச் சொல்லி முடிப்பார். நானூற்றுச் சொச்சம் நாள், நானூற்றுச் சொச்சம் தடவை.

அவளுக்கு வேண்டியது அதுதான். அப்பாவின் அந்த ஒரு கேள்வி.

"நம்பலன்னா நீயே பாரு," என்று அவன் திரும்பி, எந்தெந்தக் கதவு மாட்டியிருக்கிறது என்று காட்டச் சொல்லித் தட்டினான். அப்பாவின் கதவு போய்விட்டது. அவன் கதவும் அவள் கதவும்தான் பாக்கி. இரண்டு வரி வரவேண்டும்.

மூன்று வரி வந்தது.

"மூணு இருக்கே?" என்றாள் தங்கை, அவன் தோளுக்கு மேல் குனிந்து. "மூணாவது அப்பா பேர்தானே?"

அவன் ஜன்னலை மூடினான், திரையில் இருந்ததை. "பழைய வரி. சில சமயம் அப்படித்தான் ஒட்டிட்டு இருக்கும்."

அப்படி ஒட்டிக்கொண்டு இருக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

தங்கை நிமிர்ந்தாள். விறுவிறுவென்று அலமாரிக்குப் போய்ப் பெட்டியின் பின்னால் கைவிட்டு இரண்டு ஒயரையும் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

"ஏய், என்ன பண்ற?"

"ஒருத்தர் இருக்கார். அழிஞ்சதைக்கூட மீட்டுக் கொடுப்பாராம். போன்ல பேசிட்டேன். முழுசா வருமோ வராதோ, கடைசியா எழுதினது முதல்ல கிடைக்கும்னார்."

கடைசியாக எழுதினது. கடைசி நாள்.

அவள் பெட்டியை அப்பாவின் பழைய துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிப் பைக்குள் வைத்தாள். செருப்பு மாட்டிக்கொண்டு, வாசல் கதவில் கை வைத்தபடி நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணா. ஒரே ஒரு தடவை கேக்கறேன். திட்ட மாட்டேன், அழ மாட்டேன். கை தவறிச்சா, இல்ல தெரிஞ்சே பண்ணியா?"

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"கை தவறிடுச்சும்மா."

அவள் அவனையே பார்த்தாள். "சரி," என்றாள். "அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்." கதவு சாத்திக்கொண்டது.

மழை இன்னும் பெய்யவில்லை. தெருவில் யாரோ இரும்புக் கடைக் கதவை இழுத்து விடுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறுகிற முனகல், தலைக்கு மேல் விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ‘கிட்’ என்று சொல்லிக்கொண்டு சுழல்கிற சத்தம், எல்லாம் வழக்கமானவைதான் என்று தனக்குத்தானே எண்ணிக் காட்டிக்கொண்டு அவன் மறுபடி மேஜைக்கு வந்தான். அந்த மூன்றாவது வரியை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். பெட்டியே வீட்டில் இல்லை. அறையே போய்விட்டது. இனிக் கதவுக்கு என்ன வேலை?

முதலில் தன் கதவைத் திறந்து பார்த்தான். பதில் வராமல் நின்றது. சரிதான், பெட்டி போய்விட்டால் அப்படித்தான் திக்கி நிற்கும். தங்கையின் கதவைத் திறந்தான். அதுவும் நின்றது. மனசு கொஞ்சம் லேசாகிற மாதிரி இருந்தது.

அப்பாவின் கதவைத் திறந்தான்.

உடனே திறந்தது.

உள்ளே ஒரே ஒரு பதிவு இருந்தது. இன்றைய தேதி. மூன்று மணி பத்து நிமிஷம். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று பத்துதான்.

மறுபடி பட்டியல் கேட்டான். பதிவின் அளவு கூடியிருந்தது. மறுபடி கேட்டான். இன்னும் கூடியிருந்தது. தண்ணீர் பிடிக்க வைத்த குடம் மாதிரி, அது நிதானமாக நிரம்பிக்கொண்டிருந்தது.

கழற்றிவிடு என்று கட்டளை கொடுத்தான். முடியாது, ‘பிஸி’ என்று ஒரு வரி வந்தது. அவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். எத்தனையோ பேருக்கு அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான்: உள்ளே யாராவது இருந்தால் கதவைக் கழற்ற முடியாது, முதலில் உள்ளே இருப்பது யாரென்று பார், அவரை வெளியே வரச் சொல்.

உள்ளே இருப்பது யார் என்று கேட்டான்.

பெயர் வரவில்லை. எண் வந்தது. ஆயிரத்து மூன்று.

கம்ப்யூட்டரில் ஒரு ஆளின் கணக்கை நீக்கிவிட்டால் பெயர் போய்விடும், எண் மட்டும் நிற்கும். ஆயிரத்து ஒன்று அவன். ஆயிரத்து இரண்டு தங்கை. ஆயிரத்து மூன்றை அவனேதான் போட்டுக்கொடுத்தான், அப்பா படுத்துக்கொண்டே பாட்டுக் கேட்க. அவனேதான் நீக்கினான், அடக்கம் முடிந்த நாலாம் நாள் காலையில்.

ஹெட்போனை எடுத்து மாட்டினான். மாட்டக்கூடாது என்றுதான் நினைத்தான். கை மாட்டிவிட்டது.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு அறையின் சத்தம். காலியான அறைக்கும் ஆள் இருக்கிற அறைக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியும். இது ஆள் இருக்கிற அறை. மருந்து நெடியும், துவைத்துக் காயாத விரிப்பின் புழுங்கல் நெடியும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்தே மூக்கில் ஏறின. சளி கட்டின நெஞ்சில் மூச்சு ஏறி இறங்குகிற இழுப்பு. விசிறி. ஒரு சுற்றுக்கு ஒரு ‘கிட்’. அதற்கு அப்பால், சுவருக்கு அந்தப்புறமிருந்து, மெல்லியதாக, யாரோ கீபோர்டில் தட்டுகிற சத்தம்.

அவன் கீபோர்டிலிருந்து விரலை எடுத்தான். பதிவில் தட்டுகிற சத்தம் நின்றது.

ஒரு எழுத்தைத் தட்டினான். பதிவில், சுவருக்கு அப்பால், ஒரு தட்டு.

டங்.

எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன். அப்பாவுக்குக் குரல் எழும்பாது. ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வைக்கணும். மூன்று என்றால், வா.

டங். டங். டங்.

பிறகு ஹெட்போனுக்குள் அவன் குரலே கேட்டது. அன்றைக்குப் பேசின குரல், எரிச்சலும் அவசரமுமாக:

"ரெண்டு நிமிஷம்ப்பா!"

அன்றைக்கும் மூன்று பத்து. கம்பெனியில் சர்வர் விழுந்துவிட்டது, ஆன்லைன் கூட்டத்தில் பதினோரு பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு நிமிஷம்ப்பா என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டு இந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மாட்டின பிறகும் கேட்டது. அதுதான் விஷயம். கேட்டது. மூன்று மூன்றாகக் கேட்டது, பிறகு இரண்டாக, பிறகு கணக்கில்லாமல். அவன் என்ன செய்தான்? சத்தத்தைக் கூட்டி வைத்தான். மூன்று ஐம்பதுக்குப் போனபோது டம்ளர் தரையில் கிடந்தது. அப்பாவின் இடது கை கட்டில் கம்பிக்கு வெளியே நீண்டு, சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவரில் ஸ்பூன் கீறின தடம்.

தங்கையிடம் போனில், "தூக்கத்துலயே போயிட்டார்மா," என்றான். அவள் அப்போது வந்துகொண்டிருந்தாள், வழியில். அழுதுகொண்டே, "அதுவே போதும், அண்ணா. கஷ்டப்படலையே," என்றாள்.

அந்த நாற்பது நிமிஷமும் பெட்டிக்குள் இருந்தது. அவள் சாவகாசமாக ஒருநாள் தன் கதவைத் திறந்து பார்ப்பாள். அந்த ஒரு நாளை மட்டும் அழித்தால் கேட்பாள். எல்லாம் போனால்? கை தவறிவிட்டது என்றால்? அப்பாவின் ஃபோல்டரை அழிக்கச் சொல்லி அடித்துவிட்டு, கதவு மாட்டியிருப்பது தெரிந்தே, அவன் விரல் அந்தக் கடைசிப் பொத்தானின் மேல் ஆறு நிமிஷம் நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குக்கூட இவ்வளவு யோசனை வேண்டாம்.

டங். டங். டங்.

"ரெண்டு நிமிஷம்ப்பா!"

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

டங். டங். டங்.

சுவருக்குள்ளிருந்து வந்தது.

திரையில் வரிகள் கூடிக்கொண்டிருந்தன. அவன் எதையும் தட்டவில்லை. மூன்று வரி இருந்த இடத்தில் எட்டு. பதினைந்து. அவன் ஆபீஸ் ஃபோல்டரில் ஒரு கதவு. போட்டோ ஃபோல்டரில் ஒரு கதவு. குப்பைத் தொட்டியில்கூட. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் அந்த ஒரே பதிவு, அந்த ஒரே அளவு, நிரம்பிக்கொண்டே. அவன் குனிந்து சுவிட்சை அணைத்தான். திரை கறுத்தது.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

"எலிதான்," என்றான் வாய்விட்டு. "பைப்பு. மழைக்கு முன்னால பைப்பு இப்படித்தான்." அவன் குரல் அவனுக்கே இன்னொருத்தர் பொய் மாதிரி கேட்டது.

போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். அன்றைக்கு எழுந்திருக்காத கால், இன்றைக்கு எழுந்தது. நடைவழியில் ஆறு அடி. அப்பாவின் அறைக் கதவைத் தள்ளினான்.

காலி. வாடகைக் கட்டிலை எடுத்துப் போய் நாலு மாசமாகிறது. அட்டைப் பெட்டிகள், ஒரு மடக்கு நாற்காலி, சுவரில் கேமரா இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டை. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வெளிச்சம். தூசி நெடி. எந்தச் சத்தமும் இல்லை. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்றை மூச்சோடு வெளியே விட்டான். பைத்தியக்காரா. சாயங்காலம் அவள் வந்ததும் சொல்லிவிடு. அடித்தால் அடிக்கட்டும்.

முகம் கழுவ வேண்டும் போலிருந்தது. குளியலறைக் கதவைத் திறந்தான்.

மருந்து நெடி.

கட்டில். பக்கவாட்டுக் கம்பி. தலையணையில் ஒரு பள்ளம். விசிறி, ஒரு சுற்றுக்கு ஒரு ‘கிட்’. டம்ளர், மேஜை ஓரத்தில், தண்ணீர் பாதி.

சாத்தினான்.

சமையலறைக் கதவு. திறந்தான். கட்டில். இந்தத் தடவை கால்மாட்டுப் பக்கத்திலிருந்து. விரிப்புக்கு அடியில் இரண்டு பாதம், மேடாக.

சாத்தினான்.

அவன் படுக்கிற அறை. கட்டில். ஜன்னல் பக்கத்திலிருந்து. ஒரு கை. கம்பிக்கு வெளியே.

சாத்தினான். முதுகைக் கதவில் சாய்த்தான். நடைவழியில் நாலு கதவு. நாலும் சாத்தியிருந்தது. நாலுக்குப் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில்—

டங். டங். டங்.

"அப்பா," என்றான். "அப்பா, வேண்டாம்ப்பா."

கதவுகள் மூன்று. அறை மூன்று இல்லை. அவன் சொன்னதுதான். அழகாகச் சொன்னான்.

அப்போது வாசல் பக்கமிருந்து தங்கையின் குரல் கேட்டது. மூச்சு வாங்குகிற குரல், பையும் கையுமாக ஓடி வந்த குரல்.

"அண்ணா! திற! கிடைச்சிடுச்சு!"

அவன் ஹாலுக்கு ஓடினான். நாற்காலியில் இடித்துக்கொண்டான். இருட்டிவிட்டது ஹால். ஐந்து மணி ஆகவில்லையே? கடிகாரத்தில் மூன்று நாற்பத்தெட்டு.

"அண்ணா, கடைசி நாள் கிடைச்சிடுச்சு! முழுசா! நான் பார்த்துட்டிருக்கேன்!"

"சின்னவளே!" என்று கத்தினான். அப்பா கூப்பிடுகிற பெயர் அது. அவன் வாயில் எப்படி வந்ததென்று தெரியவில்லை. "தெரிஞ்சேதான் பண்ணினேன்! தட்டினார். எனக்குக் கேட்டுச்சு. நாப்பது நிமிஷம் கேட்டுச்சு. நான்தான் போகல. கேட்டுச்சும்மா!"

தாழ்ப்பாள் வழுக்கியது. இரண்டு கையாலும் இழுத்தான். வாசல் கதவு திறந்தது.

தெரு இல்லை. மழை இல்லை. தங்கை இல்லை.

கட்டில். தலைமாட்டுப் பக்கத்திலிருந்து. இவ்வளவு கிட்டத்தில். எட்டினால் தொடலாம். கட்டிலுக்கு மேலே கேமரா, அதில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதன் சின்ன ஸ்பீக்கரில், தகரக் குரலாக, எங்கோ தொலைவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவளின் குரலாக, "அண்ணா... அண்ணா, அங்க யாரு நிக்கறது?" என்று கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

முதுகுக்குப் பின்னால் ஏதோ சாத்திக்கொள்கிற சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. உள்ளே ஆள் இருந்தால் கதவைக் கழற்ற முடியாது.

டம்ளர் மேஜையிலிருந்து விழுந்தது. உருண்டது. அவன் காலில் இடித்து நின்றது.

தலையணையில் தலை திரும்பியது. மெதுவாக. சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கை, ஸ்பூனோடு, அவன் பக்கம் திரும்பியது. கோணல் இல்லாத வாய். தடிக்காத நாக்கு. கோபம்கூட இல்லாத, தண்ணீர் மாதிரித் தெளிந்த குரல்.

"பெரியவனே, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சாப்பா?"